காலித் தட்டில் 15 கிலோ

"ஒண்ணுமே வைக்கலைங்ணா, பதினஞ்சு கிலோ காட்டுது."

ஏற்காட்டிலிருந்து எஸ்டேட் ரைட்டர் போன் செய்தபோது நான் சேலத்தில் கடையில் இருந்தேன். மிளகும் காபிக்கொட்டையும் உலர உலர எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்க அவருக்கு ஒரு 50 கிலோ தராசு செய்து கொடுத்திருந்தேன். (விற்கிற வாங்குற இடத்தில் இதை வைக்க முடியாது, அதற்கு முத்திரை குத்திய தராசு தனியாக இருக்கிறது.) இந்த ஒரே தராசுக்கு மூன்று விதமாக ஆம்ப்ளிஃபையர் போட்டுப் பார்த்துவிட்டேன். துல்லியத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மலையேறிப் போய் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வேறொரு கேள்வியும் உண்டு: தப்பான வோல்ட்டேஜ் வந்தால் எங்கே தப்பு என்று எது காட்டிக்கொடுக்கும்?

கணக்கு முதல் இரண்டுக்கும் ஒன்றுதான். எடையை வோல்ட்டேஜாக மாற்றும் லோட் செல், 5 வோல்ட் கொடுத்தால் 50 கிலோ முழுச் சுமையில் 10 மில்லிவோல்ட் தரும். அதை 400 மடங்கு பெருக்கினால் 50 கிலோவுக்கு 4 வோல்ட், அதாவது கிலோவுக்கு 80 மில்லிவோல்ட். லோட் செல்லிலிருந்து வரும் சிக்னல் ஒயர் இரண்டும் 2.5 வோல்ட் அருகே உட்கார்ந்திருக்கும், அந்த 10 மில்லிவோல்ட் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்.

முதலில் போட்டது எல்எம்324. ஒரே ஐசியில் நான்கு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்), மூன்று போதும். விலை ஒரு டீக்காசு மாதிரி. ஆனால் உள்ளீட்டு ஆஃப்செட் (சிக்னல் இல்லாதபோதும் இருக்கும் பிழை வோல்ட்டேஜ்) 2 மில்லிவோல்ட் என்பது இதற்குச் சாதாரணம். 400 மடங்கானால் 0.8 வோல்ட், 10 கிலோ! காலித் தட்டைப் பூஜ்யமாக்கும் டேர் பட்டனை அழுத்தினால் போய்விடும் என்பார்கள். வெயில் ஏறாத வரைக்கும் போகும். டிகிரிக்கு 7 மைக்ரோவோல்ட் நகரும் ஐசியை சேலத்தில் மதியம் ஜீரோ செட் செய்து, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே விடியக்காலைக் குளிரில் வைத்தால், 20 டிகிரி வித்தியாசத்துக்கு 56 மில்லிவோல்ட். 700 கிராம் மிளகு காற்றோடு போச்சு.

இதைவிடக் குழப்பிய கோளாறு ஒன்று. 25 கிலோ வரை ஒழுங்காக ஏறும். அதற்கு மேல் மூட்டையே வைத்தாலும் 2 வோல்ட்டை விட்டு அசையாது. கடைசி ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டில் மீட்டர் வைத்தால் 2 வோல்ட், பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கும். அது எந்த எல்லையையும் முட்டவில்லை. முட்டியது அதற்கு முன்னால் இருக்கும் ஆப்-ஆம்ப். 5 வோல்ட் சப்ளையில் எல்எம்324 மேலே 3.5 வோல்ட்டுக்கு மேல் போகாது. 2.5-இலிருந்து ஒரு வோல்ட் ஏறியதும் முதல் ஆப்-ஆம்ப் நின்றுவிடுகிறது. அது நின்றால் நடு ரெசிஸ்டரில் ஓடும் மின்னோட்டமும் நின்ற இடத்தில் நிற்கும், அதனால் அதன் ஜோடியான இரண்டாவது ஆப்-ஆம்ப்பும் நகராது. உள்ளே இருக்கும் இரண்டு வெளியீட்டுக் கால்களிலும் மீட்டரை வைத்தபோது ஒன்று 3.5, இன்னொன்று 1.5 என்று காட்டியது. ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். எல்எம்324-இன் ஒரே பெருமை இதுதான்: எல்லாக் காலும் வெளியே இருக்கிறது.

அடுத்து ஏடி620, அந்த மூன்று ஆப்-ஆம்ப்பின் வேலையையும் ஒரே ஐசியில் அடக்கியது. கெயினுக்கு (எத்தனை மடங்கு பெருக்குவது என்பதற்கு) ஒரே ரெசிஸ்டர், 49.4 கிலோ ஓமை அதால் வகுத்து ஒன்று கூட்டினால் கெயின். 124 ஓம் போட்டேன். ஆஃப்செட் அதிகபட்சமே 125 மைக்ரோவோல்ட், வெயிலுக்கு நகர்வதும் டிகிரிக்கு ஒரு மைக்ரோவோல்ட்டுக்குள். மலையேறினாலும் 100 கிராமைத் தாண்டாது. பிறகு எப்படி வந்தது அந்த 15 கிலோ? சோம்பேறித்தனத்தால். சப்ளையையும் 5 வோல்ட்டிலேயே விட்டு, வெளியீட்டின் பூஜ்யம் எங்கே என்று சொல்லும் ரெஃபரன்ஸ் காலைக் கிரவுண்டில் கட்டியிருந்தேன். இதன் வெளியீடு கீழ் எல்லைக்கு சுமார் 1.2 வோல்ட் மேலேயே நின்றுவிடும். 1.2-ஐ 80 மில்லிவோல்ட்டால் வகுத்துப் பாருங்கள்.

ரெஃபரன்ஸைத் தூக்கினால் போதுமே என்று 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு சப்ளையைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தேன். அது இன்னும் மோசம். அந்தக் காலுக்குப் பின்னால் உள்ளே பொருத்தம் பார்த்து வெட்டிய ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. வெளியே தொடராக 5 கிலோ ஓம் வந்தால் அந்தப் பொருத்தமே கெட்டுவிடும். ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். நான் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, 7812, 7912 ரெகுலேட்டர்கள் போட்டு (ஒன்று +12 வோல்ட், மற்றது -12), ரெஃபரன்ஸை மறுபடி கிரவுண்டுக்கே கொண்டுபோனேன். லோட் செல்லுக்கு மட்டும் 5 வோல்ட் தரும் 7805. காலித் தட்டு பூஜ்யத்துக்கு வந்தது.

இதன் குறை, உள்ளே நடப்பது தெரியாது. சோதிக்க ஒரு வழிதான்: இரண்டு உள்ளீட்டையும் சேர்த்து 2.5 வோல்ட்டில் கட்டுங்கள். வெளியீடு ரெஃபரன்ஸுக்கு 50 மில்லிவோல்ட் முன்னே பின்னே வந்தால் ஐசி நல்லது, ஒயரைப் பாருங்கள். இன்னொன்று, கால் வரிசை ஒன்றுதானே என்று இதன் இடத்தில் ஏடி623-ஐச் செருகிவிடாதீர்கள். அதன் கணக்கு 100 கிலோ ஓமில். அதே 124 ஓமுக்குக் கெயின் இரட்டிப்பாகும். மொத்தம் 12 வோல்ட்தான் தாங்கும் என்பதால் என் சப்ளையில் அதைப் பார்க்கவும் நேரமிருக்காது.

மூன்றாவது எச்எக்ஸ்711. இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பெருக்கி, 24 பிட் எண்ணாக மாற்றி, மைக்ரோகன்ட்ரோலருக்கு அனுப்பிவிடும். லோட் செல்லுக்குப் போகும் வோல்ட்டேஜையே அளவுகோலாக வைப்பதால், மலையில் கரண்ட் ஏறி இறங்குவது எடையைத் தொடுவதில்லை. மீட்டர் வைக்க இதில் அனலாக் வெளியீடே கிடையாது. பிஎல்சிக்கோ (தொழிற்சாலை கன்ட்ரோலர்) பேனல் மீட்டருக்கோ வோல்ட்டேஜாகத் தர வேண்டுமென்றால் இது ஆகாது, ஏடி620-தான். திரையில் எண் தெரிந்தால் போதும் என்றால் நான் யோசிக்காமல் இதைப் போடுவேன்.

எஸ்டேட் தராசில் இப்போது இருப்பதும் இதுதான். போன மாதம் ரைட்டர் மறுபடி கூப்பிட்டார். "இப்ப காலித் தட்டுல நூறு கிலோ காட்டுதுங்ணா." 50 கிலோ என்பது இந்த ஐசியின் அளவில் ஏறக்குறையப் பாதி. நூறு என்றால் எண் உச்சத்தில் முட்டி நிற்கிறது, 8388607. சிக்னல் ஒயர் எங்கோ அறுந்திருக்க வேண்டும். தட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். பச்சை ஒயரை எலி கடித்திருந்தது.