மோயமோயா: நேரடி பைபாஸா, மறைமுக பைபாஸா?

மூளைத் தமனிகள் சுருங்கிக்கொண்டே போகும் மோயமோயா நோயை மாத்திரையால் நிறுத்த முடியாது; அறுவை செய்து ரத்தத்துக்கு மாற்றுவழி போட வேண்டும், அதுதான் பைபாஸ். நேரடி பைபாஸில் தலைத்தோல் தமனியை மூளைத் தமனியோடு தைத்துவிடுகிறார்கள், ரத்தம் அன்றைக்கே பாயும், சிக்கலும் அங்கேதான்: இத்தனை நாள் பட்டினி கிடந்த பகுதிக்குள் திடீரென வெள்ளம் புகுந்தால் வலிப்பு, பேச்சுக் குழறல், அபூர்வமாக ரத்தக்கசிவு வரை போகலாம், அதனால் முதல் சில நாள் ரத்த அழுத்தத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். மறைமுக முறையில் தமனியை மூளைமேல் படியவைத்தால் போதும். ஆனால் அதிலிருந்து புது ரத்தக்குழாய்கள் முளைக்க மாதங்கள் ஆகும், அதற்குள் பக்கவாதம் வந்தால்? குழந்தைகளுக்கு நன்றாக முளைக்கும், தைக்க முடியாத அளவு குழாயும் மெலிசு, அதனால் அவர்களுக்கு மறைமுகம் சரி. பெரியவர்களுக்கு என் ஓட்டு நேரடிக்குத்தான். ரத்தக்கசிவு கண்டவர்களுக்கு அது மறுகசிவைக் குறைப்பதாக 2014இல் வெளியான ஜப்பானிய ஆய்வும் காட்டியது. அப்புறம், எந்த முறையானாலும் அறுவைக்கான மயக்க மருந்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் ஆபத்துதான்.