ஏரிக்கு மேலே ட்ரோன்: பள்ளிகொண்டா பக்கம் நாங்கள் எடுத்த அளவைச் சேவை பற்றி

ஏரி, ஓடை, ஆற்றுப்படுகை ஆகியவற்றை ட்ரோன் மூலம் படமெடுத்து, அளந்து, வரைபடமாகத் தரும் சிறு நிறுவனங்கள் இப்போது வேலூர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கின்றன. பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஏரியின் ஆயக்கட்டு விவசாயிகள் ஒன்றுசேர்ந்து, அவற்றுள் ஒன்றை அமர்த்தினோம். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும், அவர்கள் சிறிய அளவில் தொழில் நடத்துபவர்கள் என்பதாலும் நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதே வகைச் சேவையை எடுக்க நினைக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது தெரிந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சேவை எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வரத்துக்கால்வாய் பல இடங்களில் மண் மேவிப் போனது. மேவிய இடமெல்லாம் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதோடு, ஏரிக்கு வந்து சேரும் ஓடையில் கோடைக் காலத்திலும் கருத்த நீர் ஓடுவதைப் பார்த்து வந்தோம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கைப்பேசிப் படங்களோடு மனு கொடுத்தால், இது எந்த சர்வே எண், எவ்வளவு நீளம் அடைபட்டிருக்கிறது, நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், ஆனால் கரையில் நின்று எடுத்த படம் அதற்குப் பதில் சொல்லாது. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களையும் பார்த்தோம். அவற்றில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். எங்கள் கால்வாயின் அகலமோ அதில் பாதிகூட இல்லை. ஏரியில் நீர் பரவுவதையும் வற்றுவதையும் வாரக்கணக்கில் கவனிக்க அந்தப் படங்கள் நல்லவைதான், ஆனால் அடைப்பையோ கரை உடைப்பையோ அவை காட்டுவதில்லை.

ட்ரோன் என்றவுடன் ஊரில் பலரும் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளைத்தான் கைகாட்டினார்கள், செலவும் குறைவு. ஆனால் கல்யாண ட்ரோனில் கிடைப்பது அழகான காட்சி. அளவையில் கிடைக்க வேண்டியது, ஒவ்வொரு புள்ளிக்கும் இடக்குறிப்பு உள்ள நிலப்படம். இதைவிடப் பெரிய வேறுபாடு காகிதங்களில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை எடையுள்ளவை மைக்ரோ வகை. சொந்த உபயோகத்துக்கு இவ்வகையைப் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் பணம் பெற்றுக்கொண்டு பறக்கவிடுபவருக்குச் சான்றிதழ் கட்டாயம். நாங்கள் அமர்த்தியவர்கள் கொண்டுவந்தது மைக்ரோ வகை. ட்ரோனின் பதிவு எண், பைலட் சான்றிதழ், மூன்றாம் தரப்புக் காப்பீடு ஆகிய மூன்றின் நகலையும் நாங்கள் கேட்பதற்கு முன்பே முதல் சந்திப்பில் மேசைமேல் வைத்தார்கள். பதிவு எண் ட்ரோனின் உடலிலும் ஒட்டப்பட்டிருந்தது. காகிதத்திலும் கருவியிலும் அதே எண்தானா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, அப்படிப் பறக்கவிட்டு எடுத்த படத்தை அரசு அலுவலகத்தில் நீட்டினால் நம் மனுவே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பறக்கும் நாளன்று காலையில் பைலட் செய்த முதல் வேலை, ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் வான்வெளி வரைபடத்தைத் திறந்ததுதான். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். மஞ்சள் மண்டலத்துக்கு விமானக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால், வேலூரை ஒட்டிய ஊர்க்காரர்கள் இந்த வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் திட்டமிடக் கூடாது. முந்தைய வாரமே பார்த்தாயிற்றே என்று நாங்கள் கேட்டதற்கு, ஒரு பகுதியைக் காவல்துறை தற்காலிகமாகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும் என்பதால் பறக்கும் நாளிலும் பார்த்தே ஆக வேண்டும் என்று விளக்கினார். பச்சை மண்டலத்துக்குக் கட்டாயம் இல்லாதபோதும் காவல் நிலையத்துக்கும் ஊராட்சித் தலைவருக்கும் எழுத்துமூலம் தகவல் கொடுத்திருந்தார்கள். தலைக்கு மேலே ட்ரோன் சுற்றும்போது, மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற பெண்களுக்கும் கால்வாயோரம் குளிக்கிறவர்களுக்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும். தண்டோரா போட்டு முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரும் பதறவில்லை.

தரை வேலை எவ்வளவு முக்கியம் என்பதை நேரில் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். மதகு, கலங்கல் (உபரி நீர் வழிந்தோடும் இடம்), கரையின் இரு முனைகள், ஓடை வந்து சேரும் வாய் என்று பல இடங்களில் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டு, ஒவ்வொரு குறியின் நடுப்புள்ளியையும் துல்லிய ஜி.பி.எஸ். கருவியால் அளந்து குறித்துக்கொண்டார்கள். இந்தக் குறிகள் இல்லாவிட்டால் ட்ரோனின் சாதாரண ஜி.பி.எஸ். நிலப்படத்தைச் சில மீட்டர்கள் நகர்த்திவிடும், இருந்தால் பிழை சில சென்டிமீட்டருக்குள் அடங்கும். பிறகு ட்ரோன் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், ஏர் ஓட்டுவதுபோல் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழும்படி எடுத்துக்கொண்டே போனது. காற்று வலுக்கும் முன்னும் வெயில் ஏறும் முன்னும் முடித்துவிட வேண்டும் என்பதில் பைலட் கண்டிப்பாக இருந்தார். நம் பகுதி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; இந்தக் கருவிகளில் பலவும் 40 டிகிரி வரைக்குமென்றே தயாரிக்கப்பட்டவை. ஒருமுறை பருந்து ஒன்று நெருங்கி வட்டமிட்டபோது, வேலை பாதியில் நிற்பதைப் பொருட்படுத்தாமல் உடனே இறக்கிவிட்டார். பறவைக்கும் கருவிக்கும் அதுவே நல்லது.

அன்றைய நாளில் என் மதிப்பில் உயர்ந்து நின்ற செயல் வேறொன்று. ஓடையின் மேற்பகுதியில் மதில் சூழ்ந்த ஒரு தொழிற்கூடம் இருக்கிறது. கருத்த நீர் அங்கிருந்துதான் வருகிறது என்று எங்களில் பலருக்குச் சந்தேகம். "தம்பி, அந்த மதிலுக்கு உள்ளேயும் ஒரு சுற்று விட்டுடுப்பா" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பைலட், "அந்தப் பக்கம் போக மாட்டேன் சார். உள்ளே வேலை செய்யற ஆளுங்க தலைக்கு மேல பறக்கறது தப்பு. எடுத்துட்டு வந்தாலும் அந்தப் படத்தாலேயே உங்க மனு அடிபட்டுப் போகும்" என்று தணிந்த குரலில் மறுத்துவிட்டார். பச்சை மண்டலம் வான்வெளிக்குத் தரும் அனுமதியில், அடுத்தவர் வளாகத்துக்குள் எட்டிப் பார்ப்பதற்கான அனுமதி அடங்காது. அதற்குப் பதிலாக, பொது ஓடையின் மேல் மட்டுமே பறந்து, மதிலுக்கு வெளியே குழாய்கள் ஓடையில் வந்து விழும் இடங்களைப் பதிவுசெய்தார். எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். பணம் கொடுப்பவர் கேட்கிறார் என்பதற்காக எல்லை தாண்டும் ஆளை அமர்த்தியிருந்தால், எங்கள் முயற்சி முழுவதும் அத்துமீறல் புகாராகத் திரும்பியிருக்கும்.

வடஆற்காட்டின் மற்றப் பகுதிக்காரர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத்தளம் இருப்பதால், அந்தச் சுற்றுவட்டார ஏரிகளுக்கு ட்ரோன் அளவை என்ற பேச்சை எடுப்பதற்கு முன்பே வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, ஜவ்வாது மலையின் காப்புக்காடுகளுக்கு வனத்துறையைக் கேட்க வேண்டும். அங்கெல்லாம் கவலை வேண்டாம், பறந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தவிர்த்துவிடுங்கள்.

வந்து சேர்ந்த நிலப்படம் கொடுத்த பணத்துக்கு நிறைவாகவே இருந்தது. ஒரு புள்ளி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் என்பதால், கலங்கலின் பெயர்ந்த கற்களைத் தனித்தனியாக எண்ண முடிகிறது. வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் அடைத்த நீளத்தைத் திரையிலேயே அளந்துவிட்டோம். ஓடையில் ஒரு குழாய் வாயிலுக்கு மேலே மணல் வெளிர் நிறத்திலும், கீழே பழுப்பும் கறுப்புமாகவும் இருப்பது கோடு போட்டதுபோல் தெரிகிறது. அளவையைக் கோடையில் செய்தது சரியான முடிவு. கேமரா நீருக்கு அடியில் உள்ளதைப் பார்க்காது. ஏரிப்படுகையின் மேடுபள்ளத்தையும் அது எவ்வளவு நீர் கொள்ளும் என்பதையும் கணக்கிட ஏரி வற்றியிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு எடுத்தால் நீர்ப்பரப்பு மட்டுமே கிடைக்கும்.

கறுப்பாகத் தெரிவதாலேயே அது தோல் பதனிடும் ஆலைக் கழிவு என்றாகிவிடாது. வீட்டுச் சாக்கடையும் மேலிருந்து அப்படித்தான் தெரியும். குரோமியத்தையோ, நீரில் கரைந்த உப்பையோ சாதாரண கேமரா கண்டுபிடிக்காது. எந்த இடத்தில் நீர் மாதிரி எடுக்க வேண்டும் என்பதைத்தான் படம் சுட்டிக்காட்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தப் பாலாற்றங்கரையை வைத்துத்தான் உறுதிப்படுத்தியது. ஆனால் மாசுபடுத்தியவர் யார் என்பதை ஆய்வக அறிக்கைதான் நிறுவ முடியும். இதை அந்த நிறுவனம் தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டது.

குறைகளும் உண்டு. கூடுதல் கட்டணத்தில் பல அலைவரிசைக் கேமராவால் எடுத்த தாவரப் பசுமைப் படத்தையும் எங்கள் தலையில் கட்டினார்கள். அதில் ஆகாயத்தாமரை மூடிய நீரும் சீமைக்கருவேலம் மண்டிய கால்வாயும் அடர்பச்சையில், 'ஆரோக்கியமான தாவரம்' என்ற குறிப்போடு வந்தன. தாவரம் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஏரிக்கு நோயே அதுதான். இந்தப் படத்தை அப்படியே மனுவோடு இணைத்திருந்தால், ஏரி செழிப்பாக இருப்பதாக ஒருவர் வாசித்துவிட முடியும். பயிர் நிலத்துக்குப் பயன்படும் இந்தச் சேவை ஏரிக்கு வேண்டியதில்லை. கோப்புகளின் அளவு இன்னொரு தொல்லை. ஊரில் உள்ள எந்தக் கணினியிலும் முழு நிலப்படம் திறக்கவில்லை. அச்சிடத்தக்க படிகளைக் கேட்டு வாங்க வாரக்கணக்கில் காத்திருந்தோம். நிலப்படத்தில் பிழை எவ்வளவு என்று காட்டும் துல்லிய அறிக்கையையும் நாங்கள் கேட்ட பிறகே அனுப்பினார்கள், அதைக் கேட்காமலே தர வேண்டும்.

புலப்பட (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அரசு நில அளவைப் படம்) எல்லைகளை நிலப்படத்தின் மேல் பொருத்தித் தந்ததை மட்டும் எச்சரிக்கையோடு பார்க்கச் சொல்வேன். பழைய புலப்படங்களை இடக்குறிப்போடு பொருத்தும்போது கோடு சில மீட்டர் விலகலாம், அந்த விலகலுக்குள் ஒருவருடைய வரப்போ வீட்டுச் சுவரோ வந்துவிடும். எங்கள் ஊரிலேயே அந்தக் கோட்டைப் பார்த்து இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு முற்றியது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுப்பது அரசின் வேலை. எல்லையை சர்வேயர் சங்கிலி போட்டு உறுதிசெய்யும் வரை அந்தக் கோட்டை உறுதியானதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டணம் ஏக்கர் கணக்கில் பேசப்பட்டது. ஆயக்கட்டில் நிலத்துக்கு ஏற்றபடி பங்கு போட்டபோது யாருக்கும் சுமையாக இல்லை. ஒற்றை விவசாயி தன் கிணற்றடியைப் படம் பிடிக்க இவர்களை அழைப்பது வீண் செலவு. ஊராக, பாசன சங்கமாகச் சேர்ந்து எடுப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அடுத்த கோடையில் இதே குறிகளின் மேல் மீண்டும் பறக்கச் சொல்லியிருக்கிறோம். தூர்வாரியதாகக் கணக்கெழுதப்படும் மண்ணின் அளவை இரண்டு படுகை வரைபடங்களையும் ஒப்பிட்டே சரிபார்க்கலாம். இம்முறை பசுமைப் படம் வேண்டாம் என்றும், துல்லிய அறிக்கையும் அச்சுப் படிகளும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்றும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டோம்.