பழைய தங்கக் கைக்கடிகாரம் வாங்குவோர் கவனிக்கவும்: 1,85,000 ரூபாய் போயிற்று

ஒமேகா நிறுவனம் 1952இல் அறிமுகப்படுத்திய கான்ஸ்டலேஷன் வகையைச் சேர்ந்த 18 காரட் தங்கக் கைக்கடிகாரம் என்று நம்பவைத்து, மயிலாடுதுறையில் இருக்கும் எனக்குக் கூரியரில் அனுப்பப்பட்டது முலாம் பூசிய பித்தளை. கொடுத்த தொகை 1,85,000 ரூபாய். குறுவை நெல் விற்று வந்த பணம். விற்றவர், பழம்பொருள்களுக்கான ஓர் இணையச் சந்தையில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற அடையாளத்தோடு உலவுகிறார்.

அந்தக் கடிகாரத்தின் அழகு அப்படிப்பட்டது. அவ்வகையில் பெயர் பெற்ற முகப்பு தட்டையாக இராது; கவிழ்த்து வைத்த தாம்பாளம்போல் நடுவில் உயர்ந்து, விளிம்பை நோக்கிப் பன்னிரண்டு பட்டைகளாகச் சரியும். மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் ஒவ்வொரு பட்டையிலும் வெளிச்சம் வேறுவிதமாக விழும். மணி காட்டும் கோடுகளும், ஆறு மணிக்கு மேலே உள்ள நட்சத்திரமும் தனியே செய்து பதிக்கப்பட்டவை. பின்மூடியில் வானாய்வுக் கூடமும் எட்டு நட்சத்திரங்களும் பொறித்த பதக்கம் இருக்கும். ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இத்தனை வேலைப்பாடு!

இவற்றை எல்லாம் நான் கேட்பதற்கு முன்பே விற்பவர் விளக்கினார். பின்மூடியின் உட்புறப் படத்தையும் அனுப்பினார். அதில் 18 காரட்டைக் குறிக்கும் 750 என்ற எண்ணும், தங்கத்தின் தரத்துக்கு ஸ்விட்சர்லாந்தில் இடும் பெண்தலை முத்திரையும் தெளிவாக இருந்தன. “உங்கள் ஊர்ப் பத்தரிடமே உரைத்துப் பாருங்கள் சார், குறை இருந்தால் முழுப் பணமும் திரும்ப வரும்” என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் பணத்தை அனுப்பினேன்.

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பத்தர், வார் கோக்கும் கொம்பின் உட்பக்கத்தை உரைகல்லில் இழுத்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். கோடு பச்சையாகிக் கரைந்துபோயிற்று. “பித்தளைங்க, மேலே முலாம்” என்றார். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தால், முகப்பில் இருந்த நட்சத்திரம் பதித்ததே அல்ல, மையால் அச்சிட்டது. மூடியின் உட்புற எண்ணும் படத்தில் இருந்த எண்ணும் வேறு வேறு.

உரைத்துப் பார்க்கச் சொன்ன அதே மனிதர், “உரைத்ததால் பொருள் சேதமாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது” என்றார். பிறகு, நான்தான் கடிகாரத்தை மாற்றிவிட்டேன் என்றார். இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. அந்த இணையச் சந்தையோ, இது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடைப்பட்ட விவகாரம் என்று ஒரே வரியில் எழுதிப் புகாரை முடித்துவிட்டது. 1,85,000 ரூபாய் அவர்களுக்கு ஒரு வரிக்குத்தான் தகுதி போலும். அந்த அடையாளத்தைக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே?

விரிவாக எழுத இப்போது மனம் ஒப்பவில்லை. மூடியைத் திறந்து, எண்ணும் முத்திரையும் தெரியும்படி, அன்றைய செய்தித்தாளையும் சேர்த்து எடுத்த காணொளி இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். முடிந்தால் நேரில், தங்கத் தரம் அளக்கும் கருவி உள்ள இடத்தில் வைத்து வாங்குங்கள். ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகார் கொடுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915.

அதே மூடிப் படத்தோடு அந்த விளம்பரம் இன்று காலையும் இருந்தது. பெண்தலை முத்திரைக்குக் கீழே பிறை வடிவில் ஒரு கீறல் தெரியும். அந்தப் படம் உங்களுக்கு வந்தால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.