என் ஆறு சிலிண்டர் மஸ்டாங்கும் இரட்டை பேரல் கார்பரேட்டரும்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "உங்க வண்டியில இரட்டை பேரல் கார்பரேட்டர் போட்டீங்களே, நானும் வாங்கட்டுமா?" அவரிடமும் இருப்பது ஃபோர்டின் 1965 மஸ்டாங் கார், அதே 200 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர் இன்ஜின்தான். கார்பரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம், பேரல் என்பது அதில் காற்று போகும் குழாய். கேட்ட நேரம் சரியில்லை. கார்பரேட்டரை இன்ஜினோடு பொருத்த அதன் அடியில் வைத்திருக்கும் அடாப்டரின் நட்டுகளை இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக இறுக்கிவிட்டு, பெட்ரோல் வாடையோடு அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அதனால் கீழே இருப்பதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும்.

3.3 லிட்டர், 120 குதிரைத்திறன் என்பதெல்லாம் இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அதுவும் அந்தக் காலத்து கிராஸ் கணக்கு. அப்போது இன்ஜினைத் தனியாக மேடையில் வைத்து அளப்பார்கள், சாலையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. இதில் பவர் கூட்ட நினைக்கும் எல்லாரும் போய் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே. கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது. சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். பார்க்க மரக்கட்டை போல நீளமாக இருப்பதால் அதை 'லாக்' என்பார்கள். நடுவில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒற்றை பேரல் கார்பரேட்டர், அவ்வளவுதான். மற்ற இன்ஜின்களில் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டலாம். இதில் கழற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.

சரி, அந்த ஒற்றை ஓட்டையின் மேல் ஒரு அடாப்டர் வைத்து இரட்டை பேரலை உட்கார வைத்தேன். முதல் ஓட்டத்தில் வண்டி முன்பைவிட மோசமாக ஓடியது. மெதுவாகப் போகும்போது குறையில்லை. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஒரு கணம் மூச்சை அடக்கி, இருமி, அப்புறம்தான் கிளம்பும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பைக் கூட்டினேன், குறைத்தேன். மூன்று மாதம் இப்படியே போனது. குற்றம் கார்பரேட்டர் மேலேயே இல்லை.

ஒரு நாள் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் உறிஞ்சும் வாக்குவத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுபோகும் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு இன்ஜினை முறுக்கினேன். புல்லியில் இருந்த வெள்ளைக் கோடு நகரவே இல்லை. வேகம் கூடக் கூட அது முன்னால் போக வேண்டும் அல்லவா? அதற்கான சுழல் எடைகளே, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் இந்த 1965 டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கிடையாது. லோட்-ஓ-மேட்டிக் என்று பெயர். டைமிங் முழுவதையும் வாக்குவத்தை வைத்தே தீர்மானிக்கும். அந்த வாக்குவத்தைச் சரியான அளவில் கொடுப்பதற்காகவே பழைய ஒற்றை பேரல் கார்பரேட்டரில் ஒரு சின்ன ஸ்பார்க் கண்ட்ரோல் வால்வு இருக்கும். இரண்டும் கணவன் மனைவி மாதிரி. நான் ஒன்றைத் துரத்திவிட்டு இன்னொன்றிடம் வேலை வாங்கப் பார்த்திருக்கிறேன். முழுக்க மிதித்ததும் வாக்குவம் செத்துப்போகும், டைமிங் பின்னால் விழும், வண்டி திணறும்.

1968 முதல் வந்த இன்ஜின்களில் எடைகளும் வாக்குவமும் சேர்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. அந்த ரகத்தில் ஒன்றைத் தேடி மாட்டினேன், ஒரு மதியத்து வேலை. மாலையில் எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமாக இரண்டாவது கியருக்கு இறக்கும் ஏற்றத்தில், இறக்க மறந்துபோய் டாப் கியரிலேயே ஏறிவிட்டேன். மேலே போன பிறகுதான் கியர் மாற்றவில்லை என்பதே உறைத்தது. நான்கு வருடத்தில் இந்த வண்டி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் அதுதான். அது கார்பரேட்டர் கொடுத்ததா, டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்ததா என்று கேட்டால், முக்கால் பங்கு டிஸ்ட்ரிபியூட்டர்தான் என்பேன்.

இன்னொரு தப்பும் நானே செய்ததுதான். நடுவில் ஒரு முறை ஹெட்டைக் கழற்றியபோது, இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் பழைய மெல்லிய ஸ்டீல் கேஸ்கெட்டுக்குப் பதிலாக இப்போது கிடைக்கும் தடித்த கேஸ்கெட்டை அப்படியே போட்டு மூடினேன். தடிமன் கூடினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அளவு, குறையும், அதை ஈடுகட்ட ஹெட்டைச் சீவ வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. எனவே ஹெட் இரண்டாவது தடவை வெளியே வந்தது.

இப்போது அந்த அடாப்டருக்கு வருகிறேன். சூட்டில் அதன் கேஸ்கெட் அமுங்குகிறது, நட்டு தளர்கிறது, 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறது, மிதிக்காமல் நிற்கும்போது இருக்கும் இன்ஜின் வேகம் (ஐடிலிங்) தானாக ஏறுகிறது. இறுக்கினால் சில மாதம் ஒழுங்காக இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் ஆறு பிளக்குகளையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தேன். நடுவில் இருந்த மூன்றும் நான்கும் கருப்பு. இரண்டும் ஐந்தும் பழுப்பு. ஓரத்து ஒன்றும் ஆறும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுப்பு. மேலே எத்தனை பேரல் வைத்தாலும் கலவை அதே குறுகிய குழாய் வழியாகத்தானே ஓரத்துக்குப் போக வேண்டும்? நடுவில் உள்ளவை தின்று கொழுக்கின்றன, ஓரத்தில் உள்ளவை பட்டினி கிடக்கின்றன. ஓரத்துக்காக ஜெட்டைப் பெரிதாக்கினால் நடுப் பிளக்குகளில் கரி அப்புகிறது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் முந்துவதற்கு இப்போது பயமில்லை, குளிரில் முதல் தடவையிலேயே கிளம்புகிறது, மிதிக்கும்போது வரும் அந்த உறுமல் ஒற்றை பேரலில் ஒரு நாளும் வந்ததில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பது மட்டும் இறக்கத்தில் அடிக்கடி நினைவுக்கு வரும்.

நண்பரிடம் "வாங்காதீங்க" என்றுதான் சொன்னேன். முதலில் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றுங்கள், கூடவே ஸ்பார்க் வால்வு இல்லாத பிந்தைய ஒற்றை பேரல் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றேன். "அப்ப உங்களோடதைக் கழட்டிடுவீங்களா?" என்று கேட்டார். மாட்டேன். அடுத்த தடவை ஹெட் வெளியே வரும்போது அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, லாக்கின் மேல்பக்கத்தைச் சீவி இரட்டை பேரலை நேரடியாக மாட்டப்போகிறேன். அதுவரைக்கும் அரை இன்ச் ஸ்பேனர் டிக்கியிலேயே கிடக்கட்டும்.