ஒரே நாளுக்குள் நிற்கவைக்கும் வட்டம்: வ்ரோத்ஸ்வாஃப் நகரின் ரத்ஸ்வாவித்ஸே பனோரமா

தோற்றுப்போன ஓர் எழுச்சியில் கிடைத்த ஒரு வெற்றியை மட்டும் தனியே எடுத்து, அதைச் சுற்றி வட்டமாக ஒரு கட்டடம் எழுப்பி, அரை மணிக்கு ஒரு தடவை நுழைவுச்சீட்டுக் கொடுத்து ஆட்களை உள்ளே அனுப்புகிறார்கள். இப்படிச் சொன்னால் ஏளனம் போலத் தோன்றும். ஆனால் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சிகளில் இவ்வளவு நேர்த்தியானதை நான் அதிகம் கண்டதில்லை என்பதையும், மூன்று முறை சென்று வந்த பிறகும் நான்காம் முறை போகும் எண்ணம் இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போலந்தின் தென்மேற்கில், ஓடர் ஆற்றங்கரை நகரமான வ்ரோத்ஸ்வாஃபில், தேசிய அருங்காட்சியகத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் இருக்கிறது இந்தப் பனோரமா, அதாவது பார்ப்பவரைச் சுற்றி வட்டமாகத் தொங்கும் பேரோவியம். நிர்வாகமும் அந்த அருங்காட்சியகத்துடையதே.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் எழாது. எவா, மாரெக் ஜியேகோன்ஸ்கி என்ற கட்டடக்கலைத் தம்பதியர் வரைந்த கான்கிரீட் வட்டக் கட்டடம் அது. 1960களின் கரடுமுரடான பாணி. பக்கத்திலேயே சிறு வட்டக் கட்டடம் ஒன்றும் உண்டு. சீட்டில் அச்சிட்ட நேரத்துக்குக் கதவு திறக்கிறது. காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவி தருகிறார்கள். பல மொழிகளில் விளக்கம் உண்டு. நான் ஆங்கிலத்தில் கேட்டேன். பிறகு வளைந்து வளைந்து மேலேறும் இருண்ட நடைபாதை ஒன்று வருகிறது. அந்த இருட்டு வீண் அலங்காரம் அன்று. வெளியே கண்ட மரம், கார், வெயில் எல்லாவற்றையும் கண் மறந்துவிட வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பனோரமாக்காரர்கள் எல்லோரும் அறிந்திருந்த தொழில் நுணுக்கம் அது.

மேடைக்கு ஏறியதும் ஒரு வயல்வெளியின் நடுவே நிற்கிறோம். 15 மீட்டர் உயரமும் 114 மீட்டர் சுற்றளவும் உள்ள ஒரே கித்தான் நம்மைச் சுற்றித் தொங்குகிறது. மேலே வளையத்தில் மாட்டப்பட்டுக் கீழே இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் அது இடுப்புப் பகுதியில் சற்று உள்நோக்கி வளைந்திருக்கிறது. அந்த வளைவே வானத்தைத் தள்ளிப்போகச் செய்து, தரையை நம் காலடிக்கு இழுத்து வருகிறது. கித்தானின் மேல்விளிம்பு நம் கண்ணுக்குத் தெரியாதபடி தலைக்கு மேல் ஒரு விதானம் மறைத்துவிடுகிறது. மேடைக்கும் கித்தானுக்கும் இடையே மெய்யான மண், புதர், முறிந்த கட்டைகள், கைவிடப்பட்ட போர்க் கருவிகள் என ஒரு செயற்கை நிலம். அந்த மண் எந்த இடத்தில் முடிந்து வண்ணம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தேடுவதில் முதல் முறை எனக்குப் பத்து நிமிடம் போயிற்று. ஓர் இடத்தில் கோடு அகப்பட்டுவிட்டது என்று நினைத்து, இரண்டு அடி நகர்ந்து மறுபடி பார்த்தேன். அகப்பட்ட கோடு காணாமல் போயிருந்தது. என்னருகே நின்ற சிறுவன் ஒருவன் கம்பியில் சாய்ந்து, அந்த மண்ணின் மேல் எதையாவது எறிந்து பார்க்கலாமா என்று தன் தந்தையை நச்சரித்துக்கொண்டிருந்தான். வரைந்தவர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

படத்தில் இருப்பது 1794 ஏப்ரல் 4. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரஷ்யாவும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் இரண்டாம் முறையாகப் போலந்தைக் கூறுபோட்டுக்கொண்டிருந்தன. 1791 மே 3 அன்று நாடாளுமன்றம் நிறைவேற்றிய சீர்திருத்த அரசியலமைப்பைத் தங்கள் எல்லையோரத்தில் பொறுத்துக்கொள்ள இரண்டு அரசுகளுக்கும் மனமில்லை. எஞ்சிய படையையும் குறைத்துவிட வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, மதாலின்ஸ்கி என்ற தளபதி தன் குதிரைப்படையைக் கலைக்க மறுத்து 1794 மார்ச்சில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மார்ச் 24 அன்று கிராக்கோவ் நகரச் சந்தை வெளியில் ததேயுஷ் கொஷ்சூஷ்கோ உறுதிமொழி எடுத்து எழுச்சியின் தலைமையை ஏற்றார். அமெரிக்க விடுதலைப் போரில் பொறியாளராக இருந்து, வெஸ்ட் பாயின்ட் கோட்டை அரண்களை அமைத்தவர் அவர். பதினொரு நாள் கழித்து, கிராக்கோவுக்கு வடகிழக்கே ரத்ஸ்வாவித்ஸே என்ற சிற்றூருக்கு அருகில், ஏறக்குறைய 4,000 முறைப்படை வீரர்களும் 2,000 விவசாயிகளும் கொண்ட அவருடைய படை, தொர்மாசொவ் தலைமையிலான சுமார் 3,000 ரஷ்யரை எதிர்கொண்டது.

அந்த விவசாயிகள்தாம் இந்தப் படத்தின் உயிர். அவர்கள் கையில் இருப்பது புல்லறுக்கும் நீள்பிடி அரிவாள். போலிஷ் மொழியில் கோசா. வயலில் அதன் அலகு பிடிக்குக் குறுக்காக, தரையை ஒட்டிப் படுத்திருக்கும். கொல்லன் பட்டறையில் அதைத் திருத்தி, பிடியின் நீட்சியாக ஈட்டிபோல நிமிர்த்திவிட்டால் அது போர்க்கருவி. துப்பாக்கி வாங்கப் பணமில்லாத எழுச்சிக்கு, வீட்டுக்கு வீடு கிடைத்த இரும்பு அதுதான். சுமார் 320 பேர் அந்த அரிவாள்களோடு பீரங்கி வரிசையை நோக்கி ஓடினார்கள். படத்தில் அந்த ஓட்டத்தைக் காணும்போது நம்மையறியாமல் ஓர் அடி பின்வாங்குகிறோம். வெண்ணிற நாட்டுச் சட்டை, சதுரத் தொப்பி, நிமிர்ந்த அலகுகளின் காடு. இவற்றின் முன்னணியில், எரியும் திரியைத் தன் தொப்பியால் அமுக்கிப் பீரங்கியை ஊமையாக்கும் ஒருவன். அவன் பெயர் வோய்ச்செக் பர்தோஷ், ஜெண்டோவித்ஸே ஊரின் பண்ணையடிமை. அந்தச் செயலுக்காக விடுதலையும் நிலமும் படைப்பதவியும் க்வோவாட்ஸ்கி என்ற புதுப் பெயரும் பெற்றான். ரஷ்யரின் 12 பீரங்கிகள் போலந்துப் படை வசமாயின.

இந்தக் காட்சியிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் அரை மணியையும் இங்கேயே கழிப்பவர்கள் அதிகம். என் ஆலோசனை வேறு. மறுபக்கம் திரும்பி, போரைவிட்டு விலகி, வழியோரச் சிலுவையின் கீழே மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருக்கும் கிராமத்துப் பெண்களைப் பாருங்கள். ஓவியர்கள் அங்கே வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். குதிரைகளையும் புகையையும் வரைந்த கைகளுக்கு இந்த அமைதியும் வந்தது எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தக் கைகள் பல. திட்டம் யான் ஸ்திகாவுடையது. போரோவியத்தில், அதிலும் குதிரைகளில், பேர்பெற்ற வோய்ச்செக் கோசாக் அவருடன் சேர்ந்தார். மேலும் சில ஓவியர்கள் உதவினார்கள். போர்க்களத்துக்கே சென்று குறிப்போவியங்கள் வரைந்து வந்து, பிரஸ்ஸல்ஸிலிருந்து வாங்கிய துணியைத் துண்டு துண்டாகத் தைத்துச் சேர்த்து, ஒன்பது மாதங்களில் முடித்தார்கள். எழுச்சியின் நூற்றாண்டான 1894 ஜூனில் லுவூஃப் நகரில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவீவில், அங்கு நடந்த ஒரு கண்காட்சியின் முக்கியக் காட்சியாக அது திறக்கப்பட்டது. ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் லுவூஃப் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. 1772இல் நடந்த முதல் பங்கீட்டில் அந்த நகரை விழுங்கியது ஆஸ்திரியாதான். ரத்ஸ்வாவித்ஸேயில் தோற்றது ரஷ்யா என்பதால் ஆஸ்திரிய ஆட்சியில் இந்தப் படத்துக்கு இடம் கிடைத்தது. ரஷ்ய ஆட்சியில் இருந்த வார்சாவில் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. நாட்டைக் கூறுபோட்ட மூவரில் ஒருவருடைய கூரையின் கீழ், இன்னொருவர் ஓடுவதை வரைந்து மகிழ்ந்த படம் இது.

பிறகு நடந்தது அதைவிட விசித்திரம். 1944இல் குண்டுவீச்சில் சேதமடைந்த கித்தானைக் கழற்றிச் சுருட்டி ஒரு மடாலயத்தில் வைத்தார்கள். போருக்குப் பின் லுவூஃப் சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. அந்நகரின் போலந்து மக்களில் பலர், ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட வ்ரோத்ஸ்வாஃபுக்கு வந்து குடியேறினார்கள். 1946இல் இந்தச் சுருளும் அவர்களுடைய மூட்டைமுடிச்சுகளைப் போலவே இங்கு வந்து சேர்ந்தது. 1794இல் இந்த வ்ரோத்ஸ்வாஃப் பிரஷ்யாவின் ப்ரெஸ்லாவ். கொஷ்சூஷ்கோவை நசுக்க ரஷ்யாவுக்குத் துணைபோன அதே அரசின் நகரம். ஆக, மூன்று எதிரிகளில் ஒருவரைப் பற்றிய படம், இரண்டாமவரின் ஆட்சியில் வரையப்பட்டு, மூன்றாமவரின் பழைய நகரில் தொங்குகிறது. மேடையில் நிற்கும்போது இந்தக் கணக்கு மனதில் ஓடினால் படம் இன்னும் சுவைக்கிறது.

வந்து சேர்ந்த கித்தான் உடனே விரிக்கப்படவில்லை. ரஷ்யப் படை புறமுதுகிட்டு ஓடும் 114 மீட்டர் நீளப் படத்தை மாஸ்கோவின் நேச நாடான கம்யூனிசப் போலந்து எப்படிக் காட்டும்? கட்டடவேலை 1960களில் தொடங்கியும் இழுத்துக்கொண்டே கிடந்தது. 1980இல் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கம் எழுந்த பிறகு, 1981இல்தான் படத்தைக் காட்சிக்கு வைக்கும் முடிவு வந்தது. பழுதுபார்த்து, 1985 ஜூன் 14 அன்று திறந்தார்கள். பிழைத்ததே பெரிது. இதே ஸ்திகா பின்னர் முன்னின்று வரைந்த திரான்சில்வேனியா பனோரமாவைத் துண்டுபோட்டுத் தனித்தனி ஓவியங்களாக விற்றுவிட்டார்கள்.

இனி என் குறை. அது பணியாளர்களைப் பற்றியதோ வசதியைப் பற்றியதோ அன்று. இந்தக் கலை வடிவத்தைப் பற்றியது. வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே ஏப்ரல் 4தான். ஆனால் அந்த வெற்றி வார்சாவுக்கு வழி திறக்கவில்லை. ரஷ்யத் தளபதி தெனிசொவின் முதன்மைப் படை அருகிலேயே இருந்ததால் கொஷ்சூஷ்கோ கிராக்கோவை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று. அதன் பெரும்பயன் செய்தியாகப் பரவியதில்தான் இருந்தது. ஏப்ரல் 17, 18இல் வார்சா மக்கள் கிளர்ந்தார்கள், செருப்புத் தைக்கும் யான் கிலின்ஸ்கி அவர்களில் ஒரு தலைவர். சில நாட்களில் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரும் எழுந்தது. மே 7இல் வெளியான போவானியெத்ஸ் பிரகடனம் பண்ணையடிமைகளுக்குத் தனிமனித சுதந்திரத்தை அறிவித்து, பிரபுக்களுக்குச் செய்யவேண்டிய கட்டாய வேலைநாட்களைக் குறைத்தது. பிரபுக்கள் பலர் அதைச் செயல்படுத்த விடவில்லை. ஜூன் 6இல் ஷ்செகொச்சினியில் பிரஷ்யப் படையும் ரஷ்யப் படையும் ஒன்றுசேர்ந்து கொஷ்சூஷ்கோவைத் தோற்கடித்தன. இந்த மேடையில் நாம் வெற்றி வீரனாகக் காணும் அதே க்வோவாட்ஸ்கி அங்கே படுகாயமுற்று, கிடைத்த நிலத்தில் ஒரு அறுவடைகூடக் காணாமல் இறந்தான். திரி எரியும் பீரங்கிக்கும் அவன் சாவுக்கும் இடையே இரண்டு மாதம்தான்.

அதன்பின் சறுக்கல்தான். வார்சா முற்றுகையைப் பிரஷ்யர்கள் செப்டம்பரில் கைவிட்டாலும், அக்டோபர் 10இல் மாச்சியோவித்ஸேயில் கொஷ்சூஷ்கோ காயம்பட்டுச் சிறைப்பட்டார். நவம்பர் 4இல் ரஷ்யத் தளபதி சுவோரொவின் படை வார்சாவின் கிழக்குக் கரைப் புறநகரான ப்ராகாவைத் தாக்கிப் பொதுமக்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தது. 1795இல் மூன்றாம் பங்கீடு. வரைபடத்திலிருந்து போலந்து 123 ஆண்டுகள் மறைந்தது. கித்தானை வரைந்தவர்கள் அந்த மறைவுக்குப் பிறகு பிறந்தவர்கள்; முடிவு அவர்களுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தே அதை வட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். அவர்களுடைய நோக்கத்துக்கு அது சரி. இன்று வெளிநாட்டிலிருந்து வந்து அரை மணி பார்த்துவிட்டுப் போகிறவர், போலந்து அன்றைக்கு வென்றுவிட்டது என்ற எண்ணத்தோடு படியிறங்கும் வாய்ப்பு உண்டு. முதல் முறை என்னோடு வந்த நண்பர், "அப்புறம் ரஷ்யாக்காரன் திரும்பி வரவே இல்லையா?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மேற்சொன்ன கதையை அவருக்குச் சொல்லி முடிக்கப் படம் பார்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

ஆகவே செல்கிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சமாவது படித்துவிட்டுச் செல்லுங்கள். சிறு வட்டக் கட்டடத்தில் போர்க்கள மாதிரியும் படைவீரர் உடைகளும் உள்ளன; பலர் அதைத் தாண்டி நடந்துவிடுகிறார்கள், அது தவறு. யார் எந்த மேட்டில் நின்றார்கள் என்பது அந்த மாதிரியைப் பார்த்தால்தான் விளங்கும். நேரம் இருந்தால் படத்துக்கு முன்பே அதைப் பாருங்கள். கோடை விடுமுறையில் சீட்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள், குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே போய்விடுங்கள். முதல் முறை எங்களை ஏற்றிவந்த சுற்றுலா நிறுவனம் வழியில் மதிய உணவுக்குத் தாராளமாக நேரம் கொடுத்துவிட்டு இங்கே எங்களைத் தாமதமாக இறக்கியது. குழுவில் பாதிப்பேர் உள்ளே போகாமலே திரும்பினார்கள். பழி முழுக்கப் பேருந்துக்காரர்களுடையது.

நான் குளிர்காலத்தின் வாரநாள் ஒன்றில் சென்றபோது மேடையில் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. விளக்கம் முடிந்து எல்லோரும் கதவை நோக்கி நகர்ந்தபோது, சிலுவையடியில் வேண்டிக்கொண்டிருந்த பெண்களின் முன் போய் நின்றேன். பணியாளர் அம்மையார் ஒருவர் அடுத்த குழுவுக்கு நேரமாகிவிட்டது என்று கையசைத்தார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அவரும் ஒரு நொடி பார்த்துவிட்டு, ஒலிக்கருவியை வாங்கிக்கொண்டார்.