லேப்டாப் சர்வீஸ் குடுத்து வாங்குறப்போ ப்ராசசர் ஸ்பீட பாத்துட்டு காசு குடுங்க, நாங்க ஏமாந்துட்டோம்

பெங்களூர்ல லேப்டாப் ரிப்பேருக்கு எஸ்.பி. ரோடு போறவங்க தயவு செஞ்சு இத முழுசா படிங்க. புகார் ஓடிட்டு இருக்கு, அதனால கடை பேர் போடல.

அக்கா பொண்ணு அல்சூர்ல எங்க வீட்ல தங்கி இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறா. அவ லேப்டாப்ல இருக்கறது இன்டெல் ஐ5 8250யு ப்ராசசர், வாங்கி ஆறு வருஷம். மார்ச் வெயில்ல ஃபேன் மாவு மில் மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சுச்சு, கீபோர்டுல கை வைக்க முடியாத சூடு. கடைல இருந்தவர் தமிழ்ல பேசினார், தர்மபுரி பக்கம்னார், அதுலயே எனக்கு பாதி நம்பிக்கை வந்துடுச்சு. தூசி எடுத்து தெர்மல் பேஸ்ட் (ப்ராசசர் சூட்ட வெளிய கடத்துற பசை) புதுசா போடணும், 1,800 ஆகும், சாயந்திரம் வந்து எடுத்துக்கோங்கன்னார். சாயந்திரம் போனா ஃபேன் சத்தமே இல்ல, அடில தொட்டா சில்லுனு இருக்கு. சந்தோஷமா காச குடுத்துட்டு வந்தேன்.

மறுநாள்ல இருந்து எத தொறந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. பழைய லேப்டாப் தானேன்னு நானும் விட்டுட்டேன், அது என் தப்பு. அந்த வாரம் ஒரு கம்பெனியோட ஆன்லைன் கோடிங் டெஸ்ட்ல கேமரா, ப்ரவுசர் ரெண்டும் சேர்ந்து ஓடினதும் ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுச்சு, நாலு கேள்வில ஒண்ணுதான் முடிச்சா. "மாமா, எனக்கு பதில் தெரியும் மாமா"ன்னு சொல்லி சொல்லி அழுதா. திரும்ப கடைக்கு போனா, ப்ராசசர் வீக் ஆயிடுச்சு சார், போர்டு மாத்தணும் 14,000, வேணாம்னா எக்ஸ்சேஞ்ச்ல 6,000க்கு நானே எடுத்துக்கறேன்ங்கறார். குடுத்துடலாம்னு கூட நெனச்சேன்.

மேல் வீட்டு தம்பிதான் "அண்ணா, ஒரு நிமிஷம் பாக்கறேன்"ன்னு டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்த தொறந்தான். எவ்வளவு வேலை குடுத்தாலும் ஸ்பீடு 0.8 கிகாஹெர்ட்ஸ தாண்டவே இல்ல. இந்த ப்ராசசரோட அடிப்படை வேகமே 1.6, வேலை ஜாஸ்தியானா தானா வேகம் ஏத்திக்கும், அதான் டர்போ, அதுல 3.4 வரைக்கும் போகும். அடுத்து கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட்னு உள்ள போனான். அங்க மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்னு ஒண்ணு இருக்கு, ப்ராசசர் அதிகபட்சம் எத்தன சதவீதம் வரைக்கும் ஓடலாம்ங்கற அளவு அது, சாதாரணமா 100 இருக்கணும், பேட்டரி, சார்ஜர் ரெண்டுலயும் 45 போட்டு வெச்சிருக்காங்க! வேகத்த பாதியா வெட்டிட்டா சூடு எங்க இருந்து வரும், ஃபேன் எதுக்கு சுத்தும்? 100 ஆக்கினதும் பழைய சத்தம் அப்படியே திரும்ப வந்துச்சு.

அடில கழட்டி பாத்தோம். ரெண்டு ஸ்க்ரூவ மறைக்கிற ரப்பர் பட்டை கம்பெனி பசையோட அப்படியே ஒட்டிட்டு இருந்துச்சு, அத உரிக்காம உள்ள கை போகவே முடியாது. காத்து வெளிய போற தகடு மேல தூசி கம்பளி துண்டு மாதிரி படிஞ்சு, ஒரே இழுப்புல முழுசா வந்துச்சு. பேஸ்ட் காஞ்ச விபூதி மாதிரி உதிருது. ஆறு வருஷமா யாரும் தொறக்கல. 250 ரூபா பேஸ்ட், ஒன்றரை மணி நேரம், இப்போ மூணு கிகாஹெர்ட்ஸ் தாண்டி போயிட்டு வருது.

ஒண்ணு சொல்லிடறேன், பேட்டரி சேவர்ல வேகம் குறையறது இயல்பு. 100 டிகிரி கிட்ட சூடு ஏறினா ப்ராசசர் தன்ன காப்பாத்திக்க தானா வேகத்த குறைச்சுக்கும், த்ராட்லிங்னு சொல்றது அதத்தான். சூட்டுக்காக அந்த செட்டிங்க 99 வெச்சு டர்போவ மட்டும் நிறுத்தறவங்களும் உண்டு. அதெல்லாம் தெரிஞ்சு பண்றது. இங்க வேலையே செய்யாம, எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பண்ணிருக்காங்க. சர்வீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர் ஸ்பீடு, அந்த செட்டிங் ரெண்டயும் ஃபோன்ல போட்டோ எடுத்துக்கோங்க, வாங்கறப்போ கடையிலயே திரும்ப பாருங்க. பில்லுல என்ன வேலை செஞ்சாங்கன்னு எழுத சொல்லுங்க. எங்க பில்லுல வெறும் சர்வீஸ் சார்ஜ்னுதான் இருக்கு.

கடைக்காரர்கிட்ட கேட்டதுக்கு, விண்டோஸ் அப்டேட்ல தானா மாறியிருக்கும் சார்ங்கறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிட்டு போட்டோவோட புகார் குடுத்திருக்கோம். இன்னும் 1,800 வரல.