ஓஇடி படிக்கப் போகும் நர்ஸ்களுக்கு: ஆன்லைன் தேர்வுக் கணக்கை கோச்சிங் சென்டர் கையில் கொடுக்காதீர்கள்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, கோவை வட்டாரத்திலிருந்து யுகே, அயர்லாந்து என்று கிளம்பும் நர்ஸ்கள் இதைப் படித்துவிட்டு அட்மிஷன் போடுங்கள். ஓஇடி என்பது அந்த நாடுகளில் நர்ஸாகப் பதிவு செய்ய எழுதும் ஆங்கிலத் தேர்வு; லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங், ரைட்டிங் என்று நான்கு மாட்யூல். பாலக்காடு டவுனில் ஒரு கோச்சிங் சென்டர் என் தேர்வு முடிவை என்னிடமே மறைத்தது. யுகேவுக்குப் போதுமான மார்க் வாங்கியிருந்த என்னை ஃபெயில் என்று சொல்லி மறுபடியும் பணம் வாங்கியது. பெயரை எழுதவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். இதே வேலையைச் செய்யும் இடங்கள் கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பதால் ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு பெரிய லாபமும் இல்லை.

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்ட எல்லையில் இருக்கும் வேலந்தாவளம். பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், அப்புறம் ஜிஎன்எம் நர்ஸிங் டிப்ளமோ. செக்போஸ்ட் தாண்டி கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை. எங்கள் வார்டில் டியூட்டி மாற்றும்போது பேஷண்ட் கதைக்கு அடுத்தபடியாக ஓடுவது ஓஇடி கதைதான். யார் எழுதினார்கள், யாருக்கு எந்த மாட்யூல் போனது, யாருக்கு விசா வந்தது என்று.

அந்த சென்டரின் விளம்பரம் இப்படி: ‘பி கிரேடு உறுதி, தேறும் வரை இலவச வகுப்பு.’ ஃபீஸ் 45,000 ரூபாய். கட்டிய பிறகு கொடுத்த ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. வருகை 90 சதவீதம் இருந்தால்தான் இலவச வகுப்பு. சென்டர் சொல்லும் தேதியில்தான் தேர்வு எழுத வேண்டும். வழக்கு என்றால் பாலக்காட்டில் மட்டும். நைட் டியூட்டி பார்க்கும் எந்த நர்ஸுக்கு 90 சதவீதம் வருகை இருக்கும்? வகுப்பில் இருந்த எல்லாருமே நர்ஸ்கள். ஆக, அந்த உறுதி யாருக்கும் கொடுக்க வேண்டியிராத உறுதி. கோச்சிங் சென்டர்கள் தேர்ச்சி உறுதி, மார்க் உறுதி என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டிருக்கிறது. போர்டில் அப்படி எழுதியிருக்கும் இடத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே தாண்டிப் போகலாம்.

பாடம் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேயே தெரிந்தது. லிசனிங், ரீடிங் இரண்டுக்கும் பழைய பிடிஎஃப் தாள்கள். ஸ்பீக்கிங் தேர்வில் நர்ஸாக நாமும் நோயாளியாக எதிரே இருப்பவரும் இரண்டு ரோல்பிளே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், பேச வேண்டும். ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பேசிப் பழகாமல் இது வராது. அங்கே ஜூமில் முப்பது பேரை உட்கார வைத்து, சார் ஒருவரே நர்ஸாகவும் நோயாளியாகவும் பேசிக் காட்டினார்.

ரைட்டிங்தான் எல்லாவற்றிலும் மோசம். தெரியாதவர்களுக்காக: ஓஇடி ரைட்டிங்கில் கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள். ஐந்து நிமிடம் படிக்க, நாற்பது நிமிடம் எழுத. ஏறக்குறைய 180 முதல் 200 வார்த்தையில் ஒரு கடிதம். நோட்ஸில் இருப்பதையெல்லாம் எழுதுவதல்ல தேர்வு, கடிதம் யாருக்குப் போகிறதோ அவருக்கு எது வேண்டும் என்று பொறுக்கி எழுதுவதுதான். நான் சென்டரில் எழுதிய ஒரு கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு பாட்டி வீட்டுக்குப் போகிறார், அங்கே வந்து பார்க்கும் கம்யூனிட்டி நர்ஸுக்குக் கடிதம். அந்த நர்ஸுக்கு என்ன வேண்டும்? காயம் எப்படி இருக்கிறது, தையல் என்றைக்குப் பிரிக்க வேண்டும், என்ன மாத்திரை, வாக்கர் வைத்து எவ்வளவு தூரம் நடக்கிறார், மறுபடி விழாமல் இருக்க வீட்டில் என்ன செய்யலாம். ஐசியூவில் ஹேண்டோவர் கொடுக்கும் எந்த நர்ஸுக்கும் இது தெரியும். ஆனால் சென்டர் கொடுத்த டெம்ப்ளேட்டில் ‘பழைய மருத்துவ வரலாறு’ என்று ஒரு பாரா கட்டாயம். அதை நிரப்ப, பாட்டி சின்ன வயதில் டான்சில் எடுத்தது, வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பது வரை நான் எழுதியிருந்தேன். தாளில் சிவப்பு மையில் ஒரு டிக், கீழே ‘350க்கு மேல், வெரி குட்’. 350 என்றால் பி கிரேடு. ஒரு வரிகூட அடிக்கவில்லை, ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

நிஜத் தேர்வில் ரைட்டிங்குக்கு ஆறு அளவுகோல்கள்: கடிதத்தின் நோக்கம், உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், நடை, அடுக்கும் அமைப்பும், மொழி. பேட்ச் முடியும் வரை இந்த ஆறையும் ஒரே ஒரு தாளில்கூட யாரும் குறிப்பிடவில்லை. தேவையில்லாததை எழுதினால் மார்க் போகும் என்பதையே நான் ஓஇடியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் இலவச மாதிரித் தேர்வுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தேர்வுக்கட்டணம் அப்போது 587 ஆஸ்திரேலிய டாலர். நான் கட்டியபோது நம் பணத்தில் 32,000 ரூபாய்ச் சொச்சம். சென்டர் வாங்கியது 40,000. ‘புக்கிங் சார்ஜ்’ என்றார்கள். அதைவிடப் பெரிய விஷயம், ஓஇடி இணையதளத்தில் என் பெயரில் கணக்குத் தொடங்கியது அவர்கள், கொடுத்தது அவர்களுடைய ஈமெயில், பாஸ்வேர்டும் அவர்களிடமே. லாகின் கேட்டபோது ரிசப்ஷனில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, “அதொக்கெ ஞங்ஙள் நோக்கிக்கோளாம், ஸிஸ்டரே” (அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்) என்றாள். எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்றும் சொன்னாள். அது மட்டும் உண்மை.

கொச்சியில் தேர்வு எழுதினேன். ரிசல்ட் வரும் நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: ‘ஸாரி சிஸ்டர், ரைட்டிங் போயிற்று. ரிப்பீட்டர் பேட்ச் திங்கட்கிழமை.’ மார்க் எவ்வளவு என்று கேட்டதற்கு, பி வரவில்லை, அவ்வளவுதான் என்று பதில். வருகைக் கணக்கைக் காட்டி, எனக்கு இலவச வகுப்பு கிடையாது என்று ரிப்பீட்டர் பேட்சுக்கு 15,000 வாங்கினார்கள். அடுத்த தேர்வுக்கு இன்னொரு 40,000 தயார் செய்யச் சொன்னார்கள்.

என்னோடு முன்பு வேலை பார்த்து இப்போது லீட்ஸில் இருக்கும் ஒரு அக்கா மட்டும் விடவில்லை. “போயிற்று என்றால் எவ்வளவில் போயிற்று? ரிசல்ட் ஷீட்டை அனுப்பு” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். சென்டரில் கேட்டால் சர்வர் டவுன், சார் லீவு, நாளைக்கு. கடைசியில் ஓஇடி உதவிப் பிரிவுக்கே என் சொந்த ஈமெயிலிலிருந்து பாஸ்போர்ட் நகலோடு எழுதினேன். சில கேள்விகள் கேட்டார்கள், கணக்கு என் ஈமெயிலுக்கு மாறியது. உள்ளே போய்ப் பார்த்தால்: லிசனிங் 370, ரீடிங் 350, ஸ்பீக்கிங் 360, ரைட்டிங் 310.

310 என்பது சி பிளஸ். யுகே நர்ஸிங் கவுன்சிலான என்எம்சி கேட்பது லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி, அதாவது 350. ரைட்டிங்கில் சி பிளஸ், அதாவது 300 போதும். அயர்லாந்தும் மூன்றில் பி, ஒன்றில் சி பிளஸ் என்றால் ஏற்றுக்கொள்கிறது. இரண்டு நாட்டுக்கும் என் மார்க் போதுமானதாக இருந்தது. நான் ரிப்பீட்டர் பேட்சில் உட்கார்ந்து மறுபடி அந்தப் பாட்டிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் யுகே போகிறேன் என்பது அட்மிஷன் ஃபார்மிலேயே இருக்கிறது. ஆகவே, அவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. ஒருவேளை தெரியாது என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று மாத பேட்சுக்கு 45,000 வாங்குகிறவனுக்கு என்எம்சி இணையதளத்தில் ஒரு பக்கம் படிக்கத் தெரியாதா?

நேரில் போய்ச் சண்டை போட்டபோது மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொரு வழி சொன்னார். ‘எக்ஸாம் எழுதாமலே சர்ட்டிஃபிகேட்’ ஏற்பாடு செய்து தரலாம், ரைட்டிங்கில் 350 போட்டே வரும், 3 லட்சம். ஃபெயில் என்று சொல்லப்பட்ட எத்தனை பிள்ளைகளிடம் இதே பேச்சு நடந்திருக்குமோ. கவுன்சில்கள் ரிசல்ட்டை நாம் கொடுக்கும் காகிதத்தில் பார்ப்பதில்லை, தேர்வு நடத்துகிறவர்களிடம் நேராகச் சரிபார்க்கிறார்கள். போலி என்று தெரிந்தால் அந்த விண்ணப்பம் மட்டுமல்ல, அந்த நாட்டில் நர்ஸ் வேலையே போச்சு. ‘கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைக்கும்’ என்று டெலிகிராமில் வருவதும் இதே ரகம்தான்.

பேட்சில் இன்னொரு பெண்ணின் ஒரிஜினல் நர்ஸிங் கவுன்சில் சர்ட்டிஃபிகேட்டை ‘ஃபைலுக்கு’ என்று வாங்கி வைத்துக்கொண்டு, பாக்கியைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த பிறகு திரும்பி வந்தது. ஒரிஜினல் எதையும் கோச்சிங்குக்குக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. பாஸ்போர்ட் அரசாங்கத்தின் சொத்து, அதைப் பிடித்து வைக்க எந்த சென்டருக்கும் உரிமை கிடையாது.

அட்மிஷனுக்கு முன்னால் நான் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, தேர்வுக் கணக்கை நீங்களே உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில் தொடங்குங்கள், கட்டணத்தை உங்கள் கார்டிலேயே கட்டுங்கள். கார்டு இல்லையென்றால் வீட்டில் யாருடையதாவது. ஓஇடிக்குப் பதிலாக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான். இந்தியாவில் இப்போது ஐஈஎல்டிஎஸ் நடத்துவது ஐடிபி, அவர்களிடம் நேராகவே பதிவு செய்யலாம். அதிலும் என்எம்சி ரைட்டிங்குக்குக் கேட்பது 6.5தான், மற்ற மூன்றுக்கும் மொத்தத்துக்கும்தான் 7. எல்லாவற்றிலும் 7 வேண்டும் என்று சொல்லி மறுபடி மறுபடி எழுத வைக்கும் இடங்களைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். ஒரே தேர்வில் எல்லாம் வராவிட்டாலும் யுகேவுக்கு வழி இருக்கிறது. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு ரிசல்ட்டைச் சேர்த்துக் காட்ட என்எம்சி 2023 முதல் அனுமதிக்கிறது. ஓஇடி என்றால் இரண்டு முறையுமே லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் சி பிளஸுக்குக் கீழேயும், ரைட்டிங் சிக்குக் கீழேயும் போகாமல் இருக்க வேண்டும். எந்த நாடு என்ன கேட்கிறது என்பதை அந்தந்த கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள், சென்டரின் நோட்டீஸில் அல்ல.

இரண்டாவது, பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். வரி வரியாகத் திருத்தி, எந்த அளவுகோலில் எங்கே மார்க் போகிறது என்று எழுதித் தந்தால் அந்த ஆளுக்கு வேலை தெரியும். டிக் அடித்துத் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து இலவசமாகவே பழகலாம், திருத்தத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கேரளத்தில் இருக்கிறவர்கள் அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸின் மொழிப் பயிற்சி நிலையத்தையும் விசாரியுங்கள், ஓஇடி, ஐஈஎல்டிஎஸ் இரண்டும் நடத்துகிறார்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் (பிபிஎல்) எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறவர்கள் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் கேளுங்கள்.

பணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு ரிப்பீட்டர் பேட்ச் பணம் 15,000 மட்டும் வந்தது. மீதிக்குத்தான் வழக்கு. என் பேட்சில் படித்த பொள்ளாச்சிப் பெண்ணிடம், பாலக்காட்டுக்கு வந்து வழக்கு நடத்த முடியுமா என்று பயம் காட்டினார்கள். ரசீதில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அவள் கோவையில் போட்டாள், நான் பாலக்காட்டில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

இப்போது நான் யுகே நர்ஸ் பதிவுக்கான கணினித் தேர்வான சிபிடிக்குப் படிக்கிறேன், அந்த 310ஐ வைத்துக்கொண்டுதான். இதே மாதிரி மாட்டியவர்கள் முதலில் 1915க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். ரசீதின் இரண்டு பக்கமும், ஜிபே விவரமும், ‘போயிற்று சிஸ்டர்’ என்று வந்த வாட்ஸ்அப்பும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.